அரை மணி நேர கத்னா, ஆறு வாரக் காயம்: பெரியவர்களின் கத்னாவும் நம் ஜமாஅத்துகளின் பொறுப்பும்



சில ஆண்டுகளாக நம் கைபேசிகளில் ஒரு வகை விளம்பரம் அடிக்கடி கண்ணில் படுகிறது. 'ஸ்டேப்ளர் முறையில் சுன்னத், தையல் இல்லை, வலி இல்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம்' என்பது அதன் சாரம். பெரும்பாலும் பெருநகரங்களில் உள்ள தனியார் கிளினிக்குகள் தருபவை இவை. குழந்தைகளின் பெற்றோரை விட, வளர்ந்த ஆண்களைத்தான் இவை குறிவைக்கின்றன.

பெரியவர்களுக்கு கத்னாவா என்று சிலர் வியக்கலாம். நாம் நினைப்பதை விட இது அதிகம் நடக்கிறது. இஸ்லாத்தை ஏற்கும் சகோதரர்கள் செய்துகொள்கிறார்கள். சிறுவயதில் உடல்நலக் குறைவால் தள்ளிப்போடப்பட்டு, பிறகு விடுபட்டுப் போன நம் பிள்ளைகள் திருமண வயதில் செய்துகொள்கிறார்கள். சர்க்கரை நோயால் முன்தோல் இறுகி, சிறுநீர் கழிக்கவே சிரமப்படும் நடுத்தர வயதினர் மருத்துவர் சொல்லிச் செய்துகொள்கிறார்கள். இந்தக் கடைசி வகையினரில் முஸ்லிமல்லாதவர்களும் ஏராளம். அரசு மருத்துவமனைகளில் இது வழக்கமாக நடக்கும் சிறிய அறுவைச் சிகிச்சைதான்.

அறுவை பெரும்பாலும் பிரச்சினையின்றி முடிந்துவிடுகிறது. சிக்கல் தொடங்குவது அதற்குப் பிறகு, வீட்டிலோ வாடகை அறையிலோ, கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் தனியாகத் தன் காயத்தைப் பார்த்துக்கொள்ளும் நாட்களில்தான். அந்த நாட்களைப் பற்றி நம் சமூகம் பேசுவதே இல்லை. அதைப் பேசவே இந்தக் கட்டுரை.

இரண்டு ஜும்ஆக்களுக்கு வராதவர்

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் நடந்தது இது. காய்கறி மொத்தச் சந்தையில் மூட்டை தூக்கும் ஓர் இளைஞர், வயது 27, ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியில் ஷஹாதா மொழிந்தார். தக்பீர் முழங்கியது, இனிப்பு வழங்கினோம், ஆளாளுக்கு முஸாஃபஹா செய்து கட்டித் தழுவினோம். அடுத்த புதன்கிழமை ஜமாஅத்தைச் சேர்ந்த இருவர் அவரை ஒரு கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றார்கள். கத்னா முடிந்து, மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்து, ஆட்டோவில் அவருடைய அறை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். பொறுப்பு முடிந்தது என்று அவர்களும் நினைத்தார்கள், நாமும் நினைத்தோம்.

அவர் குடும்பம் அவரை ஒதுக்கியிருந்தது. அறையில் சமைத்துத் தர ஆளில்லை. தினக்கூலி என்பதால் மூன்றாம் நாளே மூட்டை தூக்கப் போய்விட்டார். தையல் பிரிந்தது. இரத்தம் கசிந்ததைத் துணியால் கட்டிக்கொண்டு மீண்டும் வேலை செய்தார். பிறகு சீழ் பிடித்தது, காய்ச்சல் வந்தது.

அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் ஜும்ஆவுக்கு அவர் வரவில்லை. 'திரும்பிப் போய்விட்டார் போல' என்று ஓரிருவர் பேசியது நம் காதிலும் விழுந்தது. நாம் அதை மறுக்கவும் இல்லை, போய்ப் பார்க்கவும் இல்லை. கடைசியில் நம் பள்ளியின் மோதினார்தான் மனது கேட்காமல் அவர் அறையைத் தேடிப் போனார். பாயில் சுருண்டு கிடந்தவரை உடனே அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு வாரம் உள்நோயாளியாக இருந்து, அல்ஹம்துலில்லாஹ், குணமடைந்தார்.

வார்டில் அவரைப் பார்த்தபோது, "ஏன் தம்பி எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டோம். "ஹஜ்ரத், எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஈமானுக்கு வந்த சோதனை என்று பொறுத்துக்கொண்டேன். இரத்தம் பட்ட துணியோடு பள்ளிக்குள் வரலாமா என்றும் தெரியவில்லை, அதனால் வரவில்லை" என்றார்.

நாம் வெட்கித் தலைகுனிந்தோம். காயம் எப்படி ஆறும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. காயத்தோடு எப்படித் தொழுவது என்றும் யாரும் சொல்லவில்லை. முதலாவது மருத்துவரின் கடமை. இரண்டாவது நம்முடைய கடமை. ஷஹாதாவைச் சொல்லிக்கொடுத்த நாம் அதைச் செய்யத் தவறிவிட்டோம்.

ஆப்பிரிக்கா கற்றுத்தரும் பாடம்

பெரியவர்களின் கத்னா பற்றி இன்று உலகில் மிக அதிகமான அனுபவம் இருப்பது கிழக்கு மற்றும் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில்தான். தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்ச் ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ரகாய் ஆகிய 3 இடங்களில் நடந்த ஆய்வுகள், கத்னா செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைவதாகக் காட்டின. அதன் அடிப்படையில் 2007-இல் உலக சுகாதார நிறுவனம் அப்பகுதி நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. அதன்பின் இரண்டரைக் கோடிக்கும் அதிகமான ஆண்களும் வளரிளம் பருவத்தினரும் அங்கே கத்னா செய்துகொண்டனர். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது இந்தத் திட்டமும் பல நாடுகளில் தடைபட்டது.

இந்தச் செய்தி வந்தால் நம்மவர்கள் 'பார்த்தீர்களா, அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது' என்று பகிர்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். நாம் கற்க வேண்டிய பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் திட்டம் ஓர் ஆணுக்கு அறுவை செய்து அனுப்பிவிடுவதோடு முடியவில்லை. இரண்டாம் நாள் வரச் சொல்கிறார்கள், ஏழாம் நாள் வரச் சொல்கிறார்கள், ஆறு வாரம் தாம்பத்திய உறவைத் தவிர்க்கச் சொல்லி முன்கூட்டியே அறிவுரை தருகிறார்கள். அந்த 3 ஆய்வுகளிலும், பயிற்சி பெற்றவர்கள் கவனித்துச் செய்தபோது, குறிப்பிடத்தக்க சிக்கல் வந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு பேர்தான்.

இதற்கு நேர்மாறான ஒரு படமும் உண்டு. கென்யாவின் பங்கோமா மாவட்டத்தில், கத்னாவைப் பாரம்பரிய வழக்கமாகக் கொண்ட மக்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2008-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயின. பாரம்பரியமாகச் செய்பவரிடம் போனவர்களில் 35 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் வந்திருந்தன. கிளினிக்குகளுக்குப் போனவர்கள் மட்டும் தப்பித்தார்களா? அவர்களிலும் ஏறத்தாழ 18 சதவீதத்தினருக்குச் சிக்கல். கிளினிக் என்று பெயர்ப் பலகை இருந்தால் போதாது. செய்பவருக்குப் பயிற்சியும், செய்த பிறகு கவனிப்பும் இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் நிலைமை இன்னும் வேதனையானது. அங்கே கோசா இன இளைஞர்கள் ஆண்மைக்கு அடியெடுத்து வைக்கும் சடங்காக, ஊருக்கு வெளியே குடில்களில் தங்கி இதைச் செய்துகொள்கிறார்கள். ஆண்டுதோறும் அங்கே இளைஞர்கள் உயிரிழக்கும் செய்தி வருகிறது. கிருமித் தொற்று, தசை அழுகல், தண்ணீர் குடிக்கவிடாமல் கட்டுப்படுத்துவதால் உடலில் நீர் வற்றிப்போவது ஆகியவை காரணங்கள். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு காரணம் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போனவன் ஆணே அல்ல என்ற ஏளனம். அந்த ஏளனத்துக்கு அஞ்சி வலியை மறைத்தவர்கள் இறக்கிறார்கள். அந்த நாட்டு அரசு இதைக் கட்டுப்படுத்த 2021-இல் தனிச் சட்டமே இயற்றியது.

அந்தக் குடில்களுக்கும் நம் சகோதரர் படுத்திருந்த வாடகை அறைக்கும் எவ்வளவு தூரம்? ஒருவர் ஆண்மைக்காக வாய் மூடினார். மற்றவர் ஈமானுக்காக வாய் மூடினார். காயத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது.

காயம் எப்படி ஆறுகிறது?

பிறந்த சில மாதங்களில் செய்யப்படும் கத்னா விரைவில் ஆறிவிடுகிறது. அதைப் பார்த்துப் பழகிய நாம் பெரியவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். அது தவறு. பெரியவர்களுக்கு வெட்டும் பரப்பு அதிகம், இரத்த ஓட்டம் அதிகம், தூக்கத்தில் உறுப்பு விறைப்படைவதால் தையலுக்கு வரும் இழுவையும் அதிகம். பொதுவாக அந்த நாட்கள் இப்படித்தான் இருக்கும்:

முதல் 2, 3 நாட்களில் வீக்கமும் கன்றிப்போன நிறமும் இருக்கும். கட்டில் ஓரிரு சொட்டு இரத்தம் படிவது இயல்பு. சிறுநீர் கழிக்கும்போது லேசான எரிச்சல் இருக்கலாம். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது. தூங்கப் போகும் முன் மட்டும் குறைத்துக்கொண்டு, சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கலாம்.

முதல் வாரத்தில் இரவு விறைப்பு பலரைப் பயமுறுத்துகிறது. இது இச்சையால் வருவதல்ல, ஆரோக்கியமான எந்த ஆணுக்கும் தூக்கத்தில் வருவது. எழுந்து சிறுநீர் கழித்துவிட்டுச் சற்று நடந்தால் தணிந்துவிடும். இதைப் பாவம் என்று நினைத்துக் கலங்கிய ஒரு சகோதரரை நமக்குத் தெரியும். இதில் எந்தக் குற்றமும் இல்லை.

காயத்தின் மேல் மஞ்சள் நிறத்தில் மெல்லிய படலம் தோன்றலாம். பலர் இதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். நாற்றமோ, காய்ச்சலோ, பரவும் சிவப்போ இல்லையென்றால் அது பெரும்பாலும் காயம் ஆறுவதன் ஒரு பகுதிதான்.

உட்கார்ந்து வேலை செய்பவர்கள் சில நாட்களில் திரும்பலாம். சுமை தூக்குவது, நீண்ட தூரம் பைக் ஓட்டுவது, விளையாட்டு போன்றவற்றுக்குக் குறைந்தது இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும், மருத்துவர் கூடுதலாகச் சொன்னால் அதையே கேட்க வேண்டும். தானாகக் கரையும் தையல்களும், ஸ்டேப்ளர் முறையில் பதிக்கப்படும் சிறு ஊசிகளும் விழுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகலாம். ஆக, ஸ்டேப்ளர் முறையில் அறுவைக்கான நேரம் குறையலாம், இரத்தப்போக்கு குறையலாம். காயம் ஆறும் காலம் அதனால் ஒரு நாளாகிவிடாது. 'மறுநாளே வேலைக்கு' என்ற வாசகத்தை நம்பி மூட்டை தூக்கப் போனால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

முழுமையாக ஆற ஆறு வாரம் வரை ஆகும். அதுவரை தாம்பத்திய உறவு கூடாது. மேலே தோல் மூடியது போல் தெரிந்தாலும் உள்ளே பலம் வந்திருக்காது.

இந்த அறிகுறிகளில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

- சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காமை
- சிறுநீர் கழிக்க முடியாமை
- காய்ச்சல், நடுக்கம்
- நாற்றமுள்ள சீழ், நாளுக்கு நாள் பரவும் சிவப்பு
- மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடுவது
- உறுப்பின் நுனியோ தோலோ கறுத்துப்போவது, உணர்விழப்பது
- தையல் பிரிந்து காயம் வாய் திறப்பது

நாம் செய்யும் தவறுகள்

முதல் தவறு, கைவைத்தியம். சாம்பல், மஞ்சள் பொடி, எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆப்பிரிக்கத் திட்டத்தில் கத்னாவுக்குப் பிறகு சிலருக்கு வில்வாத ஜன்னி என்னும் டெட்டனஸ் வந்தது தெரியவந்தது. தோலை இறுக்கி அழுகி விழச் செய்யும் ஒரு வகை வளையக் கருவியைப் பயன்படுத்தியவர்களிடம் இந்த அபாயம் கூடுதலாகக் காணப்பட்டது. காயத்தில் சாணம், மூலிகை போன்றவற்றைப் பூசுவதும் ஒரு வழியாகச் சுட்டிக்காட்டப்பட்டது. மருத்துவர் தந்ததைத் தவிர வேறெதையும் அந்த இடத்தில் பூசாதீர்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதை அறுவைக்கு முன்பே சொல்லுங்கள்.

இரண்டாவது, நோயை மறைப்பது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் காயம் ஆறுவது தாமதமாகும், தொற்று எளிதில் வரும். இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு இரத்தம் நிற்பது தாமதமாகும். சிறு வெட்டுக்கே நெடுநேரம் இரத்தம் வடியும் பரம்பரைக் குறை உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. இவற்றை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்துதான்.

மூன்றாவது, நிக்காஹ் தேதி. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பேசி முடித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்த பிறகு, 'கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, சுன்னத் செய்துவிடுங்கள்' என்று ஓர் இளைஞரை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆறு வாரக் காயத்தோடு அவர் மணமேடை ஏறுகிறார். அந்தப் புதுப்பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவரும் வெட்கத்தால் சொல்வதில்லை. காயம் பிரிந்தால் அவருக்குத் துன்பம், ஒதுங்கி இருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கலக்கம். ஒன்று, நிக்காஹ்வுக்கு இரண்டு மாதம் முன்பே செய்யட்டும். அல்லது, நிக்காஹ்வுக்குப் பிறகு, மனைவியும் அறிந்திருக்க, வசதியான காலத்தில் செய்யட்டும்.

மார்க்கம் அவசரப்படுத்துகிறதா?

கத்னா இயற்கை மரபான ஃபித்ராவைச் சேர்ந்தது என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது. நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் 80 வயதில் கத்னா செய்துகொண்டதாக புகாரியில் பதிவாகியுள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் இது வாஜிப். ஹனஃபி மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். இதன் மதிப்பைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை.

ஆனால் ஷஹாதா மொழிந்த மறுவாரமே செய்தாக வேண்டும் என்பது எந்த மத்ஹபின் சட்டமும் அல்ல. கத்னா செய்யாததால் ஒருவரின் இஸ்லாம் குறைவுபடுவதில்லை. சுத்தத்தைப் பேணிக்கொண்டால் தொழுகையும் கூடும். வாஜிப் என்று சொல்லும் அறிஞர்களே, வயதானவரோ நலிந்தவரோ தம் உயிருக்கு அஞ்சினால் அந்தக் கடமை அவரை விட்டு நீங்கும் என்றார்கள். இப்னு குதாமா (ரஹ்) தமது அல்முஃக்னியில், ஆபத்து இருக்கும்போது உளூவும் குளிப்பும் கடமையாகாமல் போவதை இதற்கு ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் அல்அதபுல் முஃப்ரதில் ஒரு செய்தி இருக்கிறது. கஸ்கர் என்ற ஊரில் இஸ்லாத்தை ஏற்ற முதியவர்களை ஓர் அதிகாரி சோதித்துப் பார்த்து, குளிர்காலத்திலேயே கத்னா செய்ய வைத்தார். அவர்களில் சிலர் இறந்துபோனதாகத் தகவல் வந்தது. இதைக் கேட்ட ஹஸன் அல்பஸரி (ரஹ்) அவர்கள் கடுமையாக ஆட்சேபித்தார்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ரோமர்களும் அபிசீனியர்களும் இஸ்லாத்தை ஏற்றார்கள், அவர்களில் யாரும் இவ்விதம் சோதிக்கப்படவில்லையே என்பது அவர்களின் வாதம். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அவர்களைத் துயரப்படுத்திய அதே அவசரம் இன்றும் நம்மிடம் இருக்கிறது.

எனவே, புதிதாக வந்த சகோதரரிடம் முதலில் கலிமாவின் பொருளையும் தொழுகையையும் சொல்லிக்கொடுப்போம். கத்னாவைப் பற்றி அவருக்கு விளக்கி, அவரே மனமொப்பி, உடல் பரிசோதனை முடிந்து, ஓய்வெடுக்க வழி இருக்கும் காலத்தில் செய்துகொள்ளட்டும்.

காயத்தோடு வணக்க வழிபாடு

நம் சகோதரரை இரண்டு ஜும்ஆக்களுக்குப் பள்ளியை விட்டுத் தள்ளி வைத்தது இந்த அறிவின்மைதான். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம்.

காயத்தில் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால் அந்த இடத்தைக் கழுவ வேண்டியதில்லை. கட்டைத் தவிர்த்துவிட்டு, சிறுநீர் வெளியேறும் இடத்தை டிஷ்யூ தாளால் துடைத்துச் சுத்தம் செய்தால் போதும். உளூவின் உறுப்புகளில் காயம் இல்லாததால் உளூ வழக்கம்போலவே செய்யலாம். தூக்கத்தில் ஸ்கலிதமாகிக் குளிப்பு கடமையானால், நலமாக உள்ள மற்ற உடலைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அதோடு தயம்முமும் செய்ய வேண்டும்.

காயத்திலிருந்து கசியும் இரத்தம் ஷாஃபிஈ மத்ஹபில் உளூவை முறிக்காது. ஹனஃபி மத்ஹபில் வழிந்தோடும் இரத்தம் உளூவை முறிக்கும், ஆனால் நில்லாமல் கசிந்துகொண்டே இருந்தால் அவர் தங்கடமுள்ளவர் என்ற சலுகையில் வருவார், ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒரு முறை உளூ செய்து தொழுதுகொள்ளலாம். துணியில் படியும் சொந்தக் காயத்தின் சிறிதளவு இரத்தம் மன்னிக்கப்படுகிறது. ருகூவும் ஸஜ்தாவும் வலித்தால் உட்கார்ந்து தொழலாம். நடக்க முடியாத நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை, வீட்டில் லுஹர் தொழுதுகொள்ளலாம். ரமலானில் மருந்தும் நீரும் தேவைப்பட்டால் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களாச் செய்ய நோயாளிக்கு அல்லாஹ் அனுமதி தந்திருக்கிறான். முடிந்தால் கத்னாவையே ரமலானுக்கு வெகு முன்பாகவோ அதற்குப் பிறகோ வைத்துக்கொள்வது நல்லது. இவற்றில் நுணுக்கமான சட்டங்கள் உண்டு. தம் நிலையைச் சொல்லி ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறதா? அலீ (ரலி) அவர்களுக்கும் இருந்தது. இச்சைநீர் கசிவது பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்க, மருமகன் என்ற முறையில் வெட்கப்பட்டு, மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்கச் செய்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. வெட்கம் ஈமானின் கிளைதான். அந்த வெட்கம் கேள்வியை விழுங்கிவிடாமல், இன்னொருவர் வழியாகவாவது கேட்க வைத்தது.

கேட்காமலும், தெரியாமல் பதில் சொல்லியும் என்ன நடக்கும் என்பதற்கும் நமக்கு முன்னுதாரணம் உண்டு. ஒரு பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். நபி (ஸல்) அவர்கள் இதை அறிந்து, அவர்களே அவரைக் கொன்றுவிட்டதாகக் கடிந்துகொண்டு, தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்குக் கேள்விதானே மருந்து என்ற கருத்தில் சொன்னார்கள். அபூதாவூதில் வரும் இந்த ஹதீஸின் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞர்களிடையே பேச்சு உண்டு. காயத்தைப் பொருட்படுத்தாமல் சட்டம் சொல்வது உயிரைப் பறிக்கும் என்ற எச்சரிக்கையை யாரும் மறுக்க முடியாது.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து கேடு விளைவித்தவர் அதற்குப் பொறுப்பாளி என்ற ஹதீஸும் இங்கே நினைவுகூரத்தக்கது. நம் முன்னோர் காலத்து ஒஸ்தாக்கள் தம் கைத்திறனால் பல தலைமுறைகளுக்குப் பணியாற்றினார்கள், அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனால் வளர்ந்த ஓர் ஆணுக்கு இன்று இதைச் செய்ய வேண்டியவர் தகுதி பெற்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர்தான்.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

பெரிய செலவோ புதிய அமைப்போ தேவையில்லை. நம் மஹல்லாவில் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாம் கடைப்பிடிக்கும் சில ஒழுங்குகளைச் சொல்கிறோம்.

ஒன்று: கத்னாவுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு துணைவர். ஏறத்தாழ அதே வயதுடைய, ரகசியம் காக்கும், திருமணமான ஒருவர். இரண்டாம் நாளும் ஏழாம் நாளும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அவர் பொறுப்பு. முதல் வாரம் தினமும் ஒரு போன். நள்ளிரவில் அழைத்தாலும் எடுக்க வேண்டும்.

இரண்டு: கூலி இழப்புக்கு ஈடு. தினக்கூலிக்காரரிடம் 'ஓய்வெடுங்கள்' என்று மட்டும் சொல்வது பயனற்ற அறிவுரை. குறைந்தது இரண்டு வாரச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கிறோம். ஜகாத் பெறத் தகுதியுடையோரில் ஏழைகளும், உள்ளங்கள் இணைக்கப்பட வேண்டியவர்களும் குர்ஆனில் குறிப்பிடப்பட்டுள்ளனர். இவரைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

மூன்று: எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் மருத்துவ ஆவணங்களும். அவர் விரும்பித்தான் செய்துகொள்கிறார் என்பதை மருத்துவரே அவரிடம் தனியாகக் கேட்டு உறுதி செய்யட்டும். ஆவணங்களின் நகல் அவர் கையில் இருக்கட்டும்.

நான்கு: விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமை. செய்பவரின் தகுதி என்ன, சர்க்கரையும் இரத்தம் உறையும் நேரமும் பரிசோதிக்கப்படுமா, இரவில் இரத்தம் கசிந்தால் யாரை அழைப்பது, மறுபரிசோதனை எத்தனை முறை? இந்த நான்கு கேள்விகளுக்கும் தெளிவான பதில் தராத இடத்துக்கு அனுப்புவதில்லை.

ஐந்து: இமாம் அல்லது ஆலிம் ஒருவர், கத்னாவுக்கு முந்தைய நாளே, தனியாக உட்கார வைத்து, மேலே சொன்ன தொழுகைச் சட்டங்களைச் சொல்லிவிடுவது. இதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

நம் வீட்டுத் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகனோ, மருமகனோ, கணவரோ இந்தச் சிகிச்சை செய்துகொண்டால், கேலியும் கிண்டலும் வீட்டுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கூடிச் சிரித்துப் பேசும் ஒரு வார்த்தை போதும், அவர் தம் காய்ச்சலை மறைத்துவிடுவார்.

அந்தச் சந்தைத் தொழிலாளி இன்று நம் பள்ளியின் முதல் ஸஃப்பில் நிற்கிறார். புதிதாக யாராவது கத்னாவுக்குப் போனால் துணைவராகப் போவதற்கு முதலில் முன்வருபவர் அவர்தான். ஏழாம் நாள் வரை தம் கைபேசியைத் தலையணை ஓரத்திலேயே வைத்துக்கொண்டு தூங்குவதாகச் சொல்கிறார்.

நம்மை நம்பி வந்தவர்களின் உடலையும் உள்ளத்தையும் பேணிக்காக்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நோயுற்ற நம் சகோதரர்களுக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.